சிறப்பு விருந்தினர் மாரப்பன்

குலதெய்வத்தின் மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

கருங்கல்மேட்டில் பூட்டிக் கிடந்த ஆஸ்பத்திரியை மறுபடி திறக்க அரசாங்கம் பணம் ஒதுக்கியது. திறப்பதற்கு மட்டும்தான், நடத்துவதற்கு அல்ல. ஆகவே மாதம் தவறாமல் திறப்பு விழா நடக்கும். ரிப்பனை வெட்டினால் கதவு தானே திறக்கும், விருந்தினர் கார் ஏறியதும் தானே மூடிக்கொள்ளும்.

ஒரு மத்தியானம் பூவாயியின் புருஷன் மாரப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அவனைத் தள்ளுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தவள், சேலைக் கரையைக் கிழித்துக் கதவின் குறுக்கே கட்டி, அரிவாளால் வெட்டினாள்.

"சிறப்பு விருந்தினர் யார்?" என்றது கதவு.

"இந்தா கெடக்கறாரே, எங்க மாமன்! தொறந்து தொலை!"

"பொன்னாடை?"

தோள் துண்டை எடுத்து அவன்மேல் போர்த்தினாள். "ஒரு கும்பிடு போடுங்க மாமா, இந்தக் கருமத்துக்கு அதுதான் வேணுமாம்."

மாரப்பன் கை கூப்பினான். கதவு திறந்தது, பூ கொட்டியது, நாதஸ்வரம் முழங்கியது. உள்ளே டாக்டரும் இல்லை, கட்டிலும் இல்லை. மேடையும் மைக்கும் இருந்தன.

"விருந்தினர் இப்போது சில வார்த்தைகள் பேசுவார்" என்றது மைக்.

"பேசுங்க மாமா" என்று உலுக்கினாள் பூவாயி. கூப்பிய கை கூப்பியபடியே இருந்தது. பூவுக்குத் தனியாகச் செலவில்லை என்று ஊரார் ஆறுதல் சொன்னார்கள்.

கருங்கல்மேட்டு ஆஸ்பத்திரியை நடத்த இன்றுவரை ஒரு பைசாகூட ஒதுக்கப்படவில்லை.