நரை

முப்பத்தொன்பது நாளும் பயிற்சி ஆசிரியையின் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டவில்லை. கடைசி நாளான இன்று, திக்கித் திக்கிப் பாடம் வாசித்த சிறுமியிடம் திடீரென்று சீறினாள்:

"நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள எங்களுக்கு நரைச்சுடும். உட்காரு!"

வகுப்பு கப்சிப். சிறுமி புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மதிப்பெண் போட வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பயிற்சிக் கல்லூரி மேடத்துக்குப் பரம திருப்தி. மணி அடித்ததும் பயிற்சி ஆசிரியையின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"இன்னைக்குத்தாம்மா நீ டீச்சரா நின்ன! இந்த அதட்டலை யார்கிட்ட கத்துக்கிட்ட?"

அவள் மேடத்தின் வெளுத்த தலையையே பார்த்தாள்.

"உங்... உங்ககிட்டதான் மேடம். நீங்க எங்க ஸ்கூல்ல இருந்தப்போ, அஞ்சாங்கிளாஸ்ல நா... நான் வாசிக்க எழுந்தேனே, அன்னைக்கு."