தச்சன் கட்டிய சர்ச்

"கல்லுல கட்ட வேண்டியத மரத்துல கட்டியிருக்கான். அட்டைப்பெட்டில செஞ்ச கோட்டை மாதிரி இருக்கு," என்றார் எல்வுட் தேயர்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து மலையடிவாரத்தில், அந்த வெள்ளைச் சர்ச்சுக்கு எதிரே மேப்பிள் மரத்தடியில் நின்றிருந்தார். கட்டடக்கலைப் பேராசிரியர். பாஸ்டனிலிருந்து அவ்வளவு தூரம் காரோட்டி வந்தும் கறுப்புக் கோட்டில் ஒரு மடிப்புகூடக் கலையவில்லை.

மரத்தடி மேஜையில் ஆப்பிள் கேக்குகளை அடுக்கிக்கொண்டிருந்த மார்வா நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பதைத் தாண்டிய உள்ளூர்க்காரி. "எங்க சர்ச்சுக்கு என்ன சார் குறை?"

"ஜன்னலப் பாருங்க. கூம்பு வளைவு எதுக்கு? கல்லோட பாரத்தத் தாங்கறதுக்கு. இங்க ஏது பாரம்? வெறும் பலகை. ஐரோப்பாவுல இருக்கற பெரிய சர்ச்சோட படத்த எவனோ ஒரு தச்சன் பாத்திருக்கான். கையில ரம்பம் இருந்துச்சு, அறுத்துத் தள்ளிட்டான்."

"கூரையோரத்துல தொங்குதே மரப்பின்னல், அது உளுத்துப் போச்சுன்னு போன வருஷம் இங்க உள்ள ஒரு பையன் புதுசா செஞ்சு மாட்டினான்."

"பழைய தச்சனுக்காவது தெரியாத்தனம். இவனுக்குத் திமிர்."

"பக்கத்துல தூண் வெச்ச பண்ணை வீடு இருக்கே, அதாவது பிடிச்சுதா?"

"பால் பண்ணைக்காரனுக்குக் கிரேக்கக் கோயில் தூண் எதுக்கு? மாடு வந்து கும்பிடவா?"

மார்வா சிரித்துவிட்டாள். உள்ளே ஆர்கனில் அதே பாட்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். பேராசிரியர் டையைச் சரிசெய்துகொண்டு சர்ச் கதவைப் பார்த்தார். பிறகு தன் காரைப் பார்த்தார்.

"இவ்வளவு கேவலமா இருந்தா எதுக்கு சார் நிக்கறீங்க? பாஸ்டனுக்கே திரும்பிப் போயிடலாமே?"

அவர் நகரவில்லை. "தச்சன் தச்சன்தான். ரம்பத்தத் தவிர அவனுக்கு வேற என்ன தெரியும்?" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது.

மார்வா கையைத் துடைத்தாள். ஏப்ரனை அவிழ்த்து மேஜைமேல் போட்டாள். உள்ளே புத்தம்புது நீலப் பட்டு கவுன். நேராக அவரிடம் வந்து கையை நீட்டினாள்.

"என் பையனத் திட்டி முடிச்சாச்சுன்னா வாங்க சம்பந்தி, அப்பா கையப் பிடிக்காம கல்யாணத்துக்கு நடந்து வர மாட்டேன்னு உங்க பொண்ணு கதவுக்குப் பின்னால நிக்கறா."