துடைத்துவிட்ட புள்ளி

"இதுக்குள்ள ஒரு புள்ளி இருந்தது தங்கச்சி. அது எங்க?"

சட்டம் போட்ட படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சஞ்சீவன் கேட்டபோது, சனூஸாவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அதைக் கவனிச்சிட்டீங்களா அண்ணன்? அது தூசு. சில படங்களில இப்பிடித்தான் வெள்ளையா விழுந்திருக்கும். நான் துடைச்சுப் போட்டன்."

அவர் படத்தை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் கிடந்த கதிரையில் மெல்ல உட்கார்ந்தார்.

உட்துறைமுக வீதியில் சனூஸா படக்கடை நடத்தத் தொடங்கி எட்டு வருடம். கலியாணப் படம், கடவுச்சீட்டுப் படம், செத்த வீட்டில் மாலை போடப் பெரிதாக்கும் படம் என்று என்னவெல்லாமோ செய்து கொடுத்திருக்கிறாள். ஆனால் நேற்று இந்த மனிதர் கைப்பேசியில் கொண்டுவந்ததைப் போல ஒன்றை யாரும் கேட்டதில்லை. வளையங்களோடு சனிக்கிரகம். சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. விளிம்பு மட்டும் மின்ன, மற்றதெல்லாம் இருட்டு. மகனின் பள்ளிக்கூடக் கண்காட்சியில் பார்த்தாராம். துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டுகிறவருக்கு இது எதற்கென்று அவளுக்கு விளங்கவில்லை.

ஆசைப்பட்டுக் கேட்கிறாரே என்று மினக்கெட்டுத்தான் செய்தாள். கறுப்பை இன்னும் கறுப்பாக்கினாள். வளையங்களுக்குப் பொன்னிறம் ஏற்றினாள். கடைசியில், இடப்பக்கம் வளையத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டிருந்த அந்த வெள்ளைத் தூசையும் ஒரே தட்டில் அழித்தாள்.

"அது தூசு இல்லை தங்கச்சி. அதுதான் பூமி."

"எது?"

"அந்தப் புள்ளிதான். நாங்கள் இருக்கிற இந்தப் பூமி. சனியைச் சுத்திக்கொண்டிருந்த விண்கலம் அவ்வளவு தூரத்தில நிண்டு எடுத்தது. கண்காட்சியில அப்பிடித்தான் எழுதியிருந்தது."

"அல்லாவே! முழு உலகத்தையும் துடைச்சுப் போட்டனே!"

சனூஸா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நான் தந்த படம் அப்பிடியே இருக்கோ? இல்லை, அதையும் அழிச்சுப்போட்டீங்களோ?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "இருக்கு அண்ணன், பயப்படாதீங்க." அவசரமாகக் கணினியில் திறந்து காட்டினாள். புள்ளி இருந்தது. சஞ்சீவன் விரலைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய், தொடாமல் எடுத்துக்கொண்டார்.

"இதில என்ன தெரியுது அண்ணன்? நீலக் கடலும் முகிலுமா, இலங்கையெல்லாம் தெரியிற மாதிரிப் பெரிய பூமிப் படம் எத்தினையோ இருக்கு. அதில ஒண்டு செஞ்சு தரட்டா?"

"வேண்டாம். இதுதான் வேணும்."

"சனியை வீட்டுக்குள்ள மாட்டினா அக்கா ஏச மாட்டாவா?"

"சனியை வெட்டி விடுங்கோ. புள்ளி இருந்தாப் போதும். கீழ, இது எடுத்த திகதியைப் போடுங்கோ. இரண்டாயிரத்து ஆறு, செப்டெம்பர் பதினைஞ்சு."

சனூஸாவின் விரல்கள் விசைப்பலகையில் நின்றன. மறக்கக்கூடிய வருடமா அது?

"நீங்க எந்த ஊர் அண்ணன்?"

"சம்பூர்."

"நான் மூதூர். அந்த வருசம் சண்டையில உடுத்த உடுப்போட கந்தளாய்க்கு ஓடினம். எனக்குப் பதினாலு வயசு."

"நாங்கள் வாகரைக்கு ஓடினனாங்கள். முகாமில, தறப்பாள் கூடாரத்துக்குள்ளதான் இருந்தம்."

"பிறகேன் அந்தக் காலத்தைச் சுவரில மாட்டப் போறீங்க?"

சஞ்சீவன் கயிறு அறுத்துக் காய்ப்பேறிய உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு எங்கட முகாமுக்கு ஒருத்தர் கமராவோட வந்தவர். எங்களிட்டையும் வந்து, ஒரு படம் எடுக்கட்டோ எண்டு கேட்டவர். நான்தான் வேண்டாமெண்டு சொன்னனான். எல்லாரும் புழுதியும் அழுக்குமா இருக்கிறம், குளிச்சு, நல்ல உடுப்பு ஒண்டு தேடிப் போட்டு எடுப்பம், நாளையிண்டைக்கு வாங்கோ எண்டு அனுப்பிப்போட்டன்."

"வரல்லையா?"

"வந்தவர். சொன்ன மாதிரியே வந்தவர்."

அவர் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். சனூஸா சனியை வெட்டி எடுத்தாள். புள்ளியைப் பெரிதாக்கப் பார்த்தாள். அது கலங்கிச் சாம்பல் கட்டமாகச் சிதறியது. திரும்பவும் சிறிதாக்கினாள்.

"இதுக்கு மேல பெரிசாக்க ஏலாது அண்ணன்."

"பரவாயில்லை. இவ்வளவு காணும்."

இயந்திரத்திலிருந்து படம் மெல்ல வெளியே வந்தது. முழுக்கக் கறுப்பு. நடுவில் அரிசிக் குறுணியைவிடச் சிறிய வெளிச்சம். இதையா தூசென்றேன் என்று சனூஸாவுக்கு நெஞ்சு உறுத்தியது.

"யோசிச்சுப் பார்த்தா நானும் இதுக்குள்ள இருக்கிறன்தானே," என்றாள். "கந்தளாயில, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில."

"ஓம். நீங்கள், நான், என்ர மனுசி, அண்டைக்கு உயிரோட இருந்த எல்லாரும் இருக்கிறம்."

"திகதிக்குப் பக்கத்தில 'பூமி' எண்டு போடட்டா? இல்ல, வேற ஏதும் பேர் எழுதவா?"

"பேர் வைக்கேல்லை தங்கச்சி." சஞ்சீவன் படத்தை இரண்டு கையாலும் வாங்கினார். "பதினாலாந் திகதி பிறந்த எங்கட மூத்த மகள் பதினாறாந் திகதி விடியப் போயிட்டா. அவ இருக்கிற படம் எண்டால், உலகத்திலேயே இது ஒண்டுதான்."