நியூவும் நோவியும்

நூலகத்தில் தூசி தட்டும்போது ஆங்கில அகராதியையும் ரஷ்ய அகராதியையும் எதிரெதிரே திறந்து வைத்துவிட்டார்கள். ‘புதிய’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் நியூ, அதே பொருளுள்ள ரஷ்யச் சொல் நோவியைப் பார்த்தாள். ஒரே மூலச்சொல்லுக்குப் பிறந்து, சின்ன வயதில் பிரிந்த அக்கா!

“அக்கா, உனக்காவது அம்மாவைப் பார்த்த ஞாபகம் இருக்கா?”

“எங்கேடி! பேர்தான் புதுசு, ரெண்டும் கிழவிங்க. இன்னும் அம்மாவைத் தேடுறியா?” என்று சிரித்த நோவியின் குரல் தழைந்தது. “ஊர்ல எழுத்து வர்றதுக்கு முன்னாடியே அம்மா போயிட்டா. நம்ம முகங்களைச் சேர்த்து வெச்சுப் பார்த்துத்தான், இப்படி இருந்திருப்பாள்னு மொழி ஆராயுற படிச்சவங்க ஊகிக்கிறாங்க.”

அகராதியை மூட ஒரு கை நீண்டது.

“அக்கா, கொஞ்சம் அசையாம இரேன்” என்றாள் நியூ. “உன்னை நல்லாப் பார்த்துக்கறேன்.”