ஊருக்கே ஒரு கைப்பிடி

நம்பினால் நம்புங்கள், பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிய ஒரு புரோகிராமுக்குள் வாசிப்பான், எழுதுவான் என்று இரண்டு ஆப்ஜெக்ட்டுகள் குடியிருந்தன. வாசிப்பான் ஒரு கோப்பிலிருந்து கடலில் இருக்கும் படகுகளின் பெயரைப் படித்துப் புயல் எச்சரிக்கை அனுப்புவான். எழுதுவான் வேறொரு கோப்பில் மழை அளவை எழுதுவான். கோப்பைத் திறந்து பிடித்துக்கொள்ள இருவருக்கும் ஒரே கைப்பிடிதான். அதன் பெயர் எஃப்எச்.

அன்று வாசிப்பான் பாதிப் படகுகளைத்தான் படித்திருந்தான். "எஃப்எச், இங்கே வா!" என்று எழுதுவான் கத்தினான். கைப்பிடி அவனிடம் ஓடியது. படகுக் கோப்பு பட்டென்று மூடிக்கொண்டது.

"அடப்பாவி, மிச்சப் படகெல்லாம் புயலில் மாட்டுமேடா!" என்று வாசிப்பான் அலறினான்.

"நான் என்ன செய்ய? கூப்பிட்டேன், வந்தது."

கைப்பிடிக்கு அழுகையே வந்துவிட்டது. "ஊருக்கே பொதுவாய் ஒரு பேர் வைத்தால் நான் யாரிடம்தான் நிற்பேன் அண்ணே? முன்னால் 'என்' என்று ஒரு சொல் போட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள்."

வாசிப்பான் கூச்சத்தோடு, "என் கைப்பிடி" என்றான். அவன் சட்டைப்பையிலேயே புதுக் கைப்பிடி ஒன்று முளைத்தது! எழுதுவான் எவ்வளவு கத்தியும் அது அசையவில்லை. படகுக் கோப்பை மறுபடி திறந்து, மிச்சப் பெயர்களை வாசிப்பான் ஒரே மூச்சில் படித்து எச்சரிக்கை அனுப்பினான்.

கடைசிப் படகான கடல்குருவி, "இப்பவாவது சொன்னியே, மகராசா!" என்று கரையைப் பார்த்துத் திரும்பியது.