பிரமிளா வீட்டுச் சாக்லேட்

மூடியைத் திறக்கும் முன்பே வாடை வந்துவிட்டது.

டால்டா.

சாக்லேட்டாம். வீட்டிலேயே செய்ததாம். புத்தாண்டுப் பரிசாம்.

அவள் ஒரு கையால் டப்பாவை வாங்கினாள். இன்னொரு கையில் ஆர்டர் சாக்லேட் கிண்டிய கரண்டி இருந்தது.

மகள் சஷ்மி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை. தரையில் ஒட்டியிருந்த சிவப்பு டேப்புக்கு வெளியே கால்விரல்களை நிறுத்தி, உடம்பை வளைத்து, கையை மட்டும் உள்ளே நீட்டியிருந்தாள்.

அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. இந்த வீட்டுச் சட்டம் அது. சாக்லேட் செய்து விற்றுத்தான் வீடு நடக்கிறது. ஆர்டரில் முடி கிடந்தது என்று போன வருஷம் ஒருத்தி போட்ட கூப்பாட்டுக்குப் பிறகு ஒட்டிய டேப் அது. கிடந்தது சின்னப்பிள்ளை முடி.

அரையாண்டு லீவு. ஆர்டர் குவிகிற நேரம். வேறு வழியில்லாமல் பிள்ளையை அதன் அப்பா வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். அங்கே இப்போது பிரமிளா இருக்கிறாள். விவாகரத்தான கையோடு அந்த மனுஷன் கட்டிக்கொண்டு வந்த மகராசி.

போனில் பேசும்போது பிள்ளை “பிரமிளாம்மா” என்றது.

பிரமிளாவாம், அம்மாவாம். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இருப்பது ஒரே பிள்ளை. அதையும் அங்கே கைக்குள் போட்டுக்கொண்டால்?

அதற்குத்தான் இந்த டப்பா. தெரியாதா அவளுக்கு.

பழைய ஸ்வீட் பாக்ஸ். கடைப்பெயரை மறைக்க வண்ணத்தாள் ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய லட்சணம், பாதிப் பெயர் வெளியே பல்லிளித்தது.

உள்ளே ஜிகினாத் தாள் சுற்றிய துண்டுகள். ஒன்றைப் பிரித்தாள்.

கண்றாவி.

மினுமினுப்பு இல்லை. மேலெல்லாம் வெள்ளை பூத்து, தேய்ந்த சோப்பு மாதிரி இருந்தது. கடித்தால் சாக்லேட் உடைய வேண்டும், இது வளைந்தது. மேலண்ணத்தில் போய் அப்பிக்கொண்டு நாக்குக்கு வரமாட்டேன் என்றது. நடுவில் மணல் மணலாக நெருடியது. ஊட்டிக்கு டூர் போகிறவர்கள் வாங்கி வருகிற சாக்லேட் இதற்கு எவ்வளவோ தேவலை.

தண்ணீர் பட்டிருக்கிறது. உருகுகிற சாக்லேட்டில் ஒரு சொட்டு விழுந்தால் போதும், அத்தனையும் கட்டிதட்டிப் போகும். இந்தத் தொழிலில் கை வைக்கிறவளுக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான். கட்டிதட்டியதை இளக்க டால்டாவைக் கொட்டியிருக்கிறாள் புண்ணியவதி.

எதில் வைத்து இறுக வைத்தீர்கள் என்று கேட்டாள். ஃப்ரீசரிலாம். எதால் கிண்டினீர்கள் என்று கேட்டாள். சாம்பார்க் கரண்டியாம்.

அவள் சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். இத்தனை நாள் எரிந்துகொண்டிருந்த வயிறு கொஞ்சம் குளிர்ந்தது.

இந்தச் சாமர்த்தியத்தை வைத்துக்கொண்டுதான் பிரமிளா அம்மாவாகப் பார்க்கிறாளா? பிள்ளைகளோடு சேர்ந்து சாக்லேட் செய்யலாம் வாங்க என்று எவளாவது போனில் காட்டியிருப்பாள். இவளும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பாள். நாலு போட்டோ எடுத்திருப்பாள். லைக்கும் விழுந்திருக்கும்.

“இத மனுஷன் திம்பானா?”

குப்பைக்கூடையைக் காலால் இழுத்தாள்.

சஷ்மி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டப்பாவைச் சாய்த்தபோது, தாள் பிரிந்திருந்த துண்டு நழுவி மேடைமேல் விழுந்தது. கவிழ்ந்து விழுந்தது.

அடிப்பக்கத்தில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது.

சின்ன விரல். குறுக்கே ஒரு தழும்பு. கதவிடுக்கில் நசுங்கித் தையல் போட்ட சஷ்மியின் விரல்.

இன்னொரு தாளைப் பிரித்தாள். அதிலும் இருந்தது. அடுத்ததிலும் இருந்தது.

பிரமிளா என்னதான் செய்தாள் என்று கேட்டாள். ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டாளாம். டால்டா எடுத்துக் கொடுத்தாளாம். மற்றதெல்லாம் சஷ்மிதானாம்.

அப்படியானால் தண்ணீர்?

அதற்குச் சஷ்மி சட்டென்று பதில் சொன்னாள். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட மாதிரி சொன்னாள். பிரமிளாம்மா வேண்டாம் என்றுதான் தடுத்தார்களாம். எங்கம்மா முதலில் தண்ணீர்தான் ஊற்றுவார்கள், அப்புறம்தான் சாக்லேட் போடுவார்கள், நான் தினமும் பார்க்கிறேன் என்று இவள்தான் பிடிவாதமாக ஊற்றினாளாம். அம்மா செய்கிற மாதிரியே வர வேண்டுமாம்.

அவள் திரும்பி அடுப்பைப் பார்த்தாள்.

கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதன்மேல் உட்கார்ந்த கிண்ணத்தில், வெறும் ஆவிச் சூட்டில், சாக்லேட் உருகிக்கொண்டிருந்தது. ஒன்று அல்ல, இரண்டு பாத்திரம். கிட்டே வந்து பார்த்தால் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்.

கிட்டே வந்தால்.

“உன்னையா அடுப்புகிட்ட விட்டாங்க?”

அதே இளக்காரத்தோடுதான் கேட்க நினைத்தாள். குரல் அப்படி வரவில்லை.

“அங்க கோடு இல்லம்மா.”

சஷ்மி அதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னாள்.

அவள் குப்பைக்கூடையைத் தள்ளினாள். மேடைமேல் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் வைத்து மூடினாள். அடுப்பைத் தணித்தாள். ஆர்டராவது மண்ணாங்கட்டியாவது. மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்து அடுப்புக்கு முன்னால் போட்டாள். அது ஆடியது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“வா” என்றாள்.

சஷ்மி குனிந்து டேப்பைப் பார்த்தாள்.

கால்விரல்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.