பயத்தைத் தேடிப் போன விரால்

ஊர்ச் சாக்கடைக் குழாய் வந்து விழும் ஒரு கால்வாயில் தாய் விரால் ஒன்று குஞ்சுகளோடு இருந்தது. ஊரில் மனவருத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களின் உடம்பில் தங்காத மருந்தெல்லாம் அந்தக் குழாய் வழியே மீன்களுக்கு வந்து சேர்ந்தது. அந்த மருந்தால் நாளடைவில் கால்வாயில் யாருக்கும் பயமே இல்லாமல் போயிற்று.

“இப்பதான் நிம்மதியா இருக்கோம். பயம் போச்சேன்னு நீ ஏன் கிடந்து தவிக்கிறே?” என்று விராலைக் கேட்டுக்கொண்டிருந்த கெண்டையைக் கொக்கு அலுங்காமல் கொத்தி விழுங்கியது. பக்கத்தில் இருந்த குஞ்சுகள் அசையவில்லை. விராலுக்கும் நெஞ்சு பதறவில்லை. அதுதான் அதை உலுக்கிவிட்டது.

குஞ்சுகளை முட்டித் தள்ளிக்கொண்டு, குழாயைத் தாண்டி மேலே போகத் தண்ணீரை எதிர்த்து நீந்தியது.

“மேலே இரை கம்மி. இங்க உனக்கு என்ன குறைச்சல்?” என்றது கொக்கு.

“உன்னைப் பார்த்தா நான் நடுங்கணும். அந்த நடுக்கம் என்னுது. அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்,” என்றது விரால்.

மருந்து கலக்காத மேல் தண்ணீரில் முதலில் அதற்குத் தலை சுற்றியது. குஞ்சுகள் சோர்ந்து கிடந்தன. ஆனாலும் அது திரும்பிப் போகவில்லை.

ஒரு காலையில் பக்கத்தில் தவளை ஒன்று தொப்பென்று குதித்தது. குஞ்சுகள் அத்தனையும் அலறியடித்து ஓடிவந்து அம்மாவின் வயிற்றுக்கடியில் ஒண்டிக்கொண்டன.

“இன்னும் நெருங்கி வாங்க,” என்றது விரால். அதன் நெஞ்சும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.